பதில் சொல்லாதவர்கள் வந்து நின்ற தெரு

மதுரைக்குத் தெற்கே, பஞ்சுக் கிட்டங்கிகளின் பின்சுவரைப் பார்த்தபடி கிடக்கும் எங்கள் தெருவில் பதில் சொல்லாத மனிதர்கள் வந்து நிற்கத் தொடங்கிய வருஷம், மழையும் வந்தது, வெயிலும் வந்தது, நகராட்சித் தண்ணீர் மட்டும் தனக்கு எப்போது தோன்றியதோ அப்போது வந்தது. ஆகவே அதை விசேஷமான வருஷம் என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் வந்தவர் கோயம்புத்தூர்ப் பல் டாக்டர். எதிர்வீட்டுப் பாக்கியத்தாய் விடிந்ததும் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது அவர் படிக்குக் கீழே நின்றிருந்தார், வெள்ளைக் கோட்டும், ஒரு கையில் மட்டும் ரப்பர் உறையும், மறு கையில் போனும், போனின் மேல் அந்தரத்தில் நிற்கும் கட்டைவிரலுமாக. யார் வேண்டும் என்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அவள் அவரைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, கோலத்தைக் கொஞ்சம் இடது பக்கமாகத் தள்ளிப் போட்டுவிட்டு உள்ளே போய் மகளை எழுப்பினாள்.

மகள் பெயர் அங்கயற்கண்ணி, எங்களுக்கு அங்கை. கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலையை அப்போதுதான் தொடங்கியிருந்தாள். கடைப் பெயர், கம்பெனி முத்திரை, சோப்பு உறை, ஊதுபத்தி அட்டை என்று முகம் தெரியாத ஊர்க்காரர்கள் கேட்பார்கள், இவள் வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புவாள், அவர்கள் பார்த்துச் சரி என்றோ மாற்று என்றோ சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அந்தத் தொழில். ஆனால் சொல்ல மாட்டார்கள். வேலை கொடுக்கும்போது நிமிஷத்துக்கு நிமிஷம் கூப்பிட்டவர்கள், படம் கைக்கு வந்ததும் வாயில் கொழுக்கட்டையைத் திணித்துக்கொண்டவர்களாகிவிடுவார்கள். புதிதாக வந்தவளைப் பற்றி யாராவது ஒருத்தர் வேலை பிடித்துத் தரும் இணையதளத்தில் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால்தான் அடுத்த ஆள் தேடி வருவான். எழுதுவதற்கு ஆகும் செலவு ஒரு கட்டைவிரல். அதைக்கூடக் கொடுக்காத ஜென்மங்களுக்கு இவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்தாள்.

அங்கை வாசலுக்கு வந்து பார்த்ததும் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். அவருடைய ஆஸ்பத்திரிக்குச் சிரிக்கிற பல் ஒன்று வரைந்து அனுப்பியிருந்தாள், பதில் வரவில்லை. இவர் என்னுடைய கிளையண்ட் என்று அம்மாவிடம் சொன்னாள். "அப்படின்னா காப்பி குடுக்கணுமா?" என்று மட்டும் பாக்கியத்தாய் கேட்டாள். கொடுத்தார்கள், அவர் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், டாக்டர் உள்ளே பேஷண்ட் பார்க்கிறார், அப்புறம் பேசுங்கள் என்றார்கள். ஆக, பல் பிடுங்குகிற டாக்டர் கோயம்புத்தூரில் இருந்தார், பதில் சொல்லாத டாக்டர் மட்டும் எங்கள் தெருவில் இருந்தார். அதற்கு மேல் இதில் ஆராய ஒன்றும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். எந்தக் கோலத்தில் இருந்தபோது பதிலை நிறுத்தினார்களோ அந்தக் கோலத்திலேயே வந்தார்கள். நாகர்கோவிலில் கேக் செய்து விற்கும் அம்மாள் முழங்கை வரை மாவோடு வந்தாள். சென்னை அழகு நிலையக்காரி ஒரு புருவம் திருத்தியும் ஒரு புருவம் திருத்தாமலும் வந்தாள். காரைக்குடிச் செட்டிநாட்டுப் பலகாரக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஈரத்தலையோடு வந்தார். துபாயில் இருக்கும் ஒருவன் கோட்டும் சூட்டும் போட்டு என் வீட்டுக் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றான், நான் சைக்கிளை வெளியே எடுக்கும்போதெல்லாம் அவனைத் திட்டினேன், அவன் திருப்பித் திட்டவில்லை, அதனால் அந்தக் காலத்தில் என் காலைப் பொழுதுகள் நன்றாகவே போயின. இரவில் அவர்கள் எங்கே போனார்கள், படுத்தார்களா நின்றார்களா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இரவில் எங்கள் தெரு டிவி பார்க்கும்.

அங்கைக்குத்தான் இது உயிர்ப் பிரச்சினை. பாக்கியத்தாயின் தம்பி செந்தட்டி திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான், அக்கா மகளைக் கணக்கு எழுதுகிற மேஜையில் உட்கார வைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவள் வரைவதை அவன் கோடு கிழிப்பது என்றுதான் சொல்வான். அங்கைக்கு அங்கே போக விருப்பமில்லை, போனால் கையில் மறுபடி படம் வராது என்று அழுதாள். பாக்கியத்தாய் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னாள். பங்குனி மாசக் கோயில் பொங்கலுக்குச் செந்தட்டி வேனோடு வரட்டும், அதற்குள் யாராவது ஒரே ஒருத்தர் இவள் வேலையைப் பார்த்து நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெண் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டட்டும்.

ஒரு வார்த்தை. அதற்காக அந்தப் பெண் பட்ட பாடு. நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்று எழுதுவாள். அவசரமில்லை என்று நீயே எழுதினால் எவன் அவசரப்படுவான்? தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று எழுதுவாள். வேலை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காதவனிடம் வேலை செய்தவள் மன்னிப்புக் கேட்டால் அவன் அதையும் சரி என்று வாங்கி வைத்துக்கொள்வான். எழுதியதைத் தினமும் வெளியே வந்து அவரவர் முகத்துக்கு நேராகப் படித்தும் காட்டினாள். டாக்டரின் கட்டைவிரல் அசைகிற மாதிரி இருக்கும், அப்புறம் அசையாது.

தெரு என்ன செய்தது என்று கேட்டால், தெரு எப்போதும் செய்வதைத்தான் செய்தது. எதனால் தனக்கு என்ன ஆகும் என்று பார்த்தது. முதலில் கண்டுபிடித்தவர் தெருச் சங்கச் செயலாளர் பரமானந்தம், தன் வீட்டுச் சாக்கடைக்கு மட்டும் மூடி போட்டுக்கொண்டு என் வீட்டுச் சாக்கடையைத் திறந்தபடி விட்டாரே அதே பரமானந்தம். தண்ணீர்க் குழாயடியில் குடத்தைத் தனியாக வைத்தால் பின்னால் வருகிறவள் காலால் தள்ளிவிட்டுப் போவாள், குடத்துக்குப் பக்கத்தில் சட்டையை உள்ளே விட்ட ஒரு மனிதன் நின்றால் தள்ள மாட்டாள் என்று அவர்தான் கண்டுகொண்டார். மறுநாளே ஆளுக்கொரு கிளையண்டைப் பிடித்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினார்கள். தோளைத் தொட்டு நடத்தினால் நடப்பார்கள், விட்டால் நிற்பார்கள். டீக்கடைக்காரர் கடை நிறைந்திருக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்று காரைக்குடிக்காரரையும் இன்னும் சிலரையும் பெஞ்சில் உட்கார வைத்தார். அழகு நிலையக்காரியின் நீட்டிய கையிலிருந்து கேக் அம்மாளின் மாவுக் கை வரை கயிறு கட்டித் துணி காயப் போட்டார்கள். ஒரு நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டுப் பக்கம் ஆள் குறைவாக இருக்கிறதென்று முன்வரிசை முழுக்க இவர்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் இப்படி மரியாதை தெரிந்த சொந்தங்களை எங்கும் பார்த்ததில்லை என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். சொத்துத் தகராறில் இருந்த அண்ணன் தம்பிகள் டாக்டரிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள், அண்ணன் தன் பக்கத்தைச் சொன்னான், டாக்டர் மறுக்கவில்லை, தம்பி தன் பக்கத்தைச் சொன்னான், டாக்டர் மறுக்கவில்லை, இரண்டு பேரும் ஜெயித்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினார்கள். பரமானந்தம் எல்லோரையும் நகராட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாக்கடைக்காக மனுக் கொடுத்தார். அதிகாரி பதில் சொல்லவில்லை. இவர்களும் பேசவில்லை. இரண்டு தரப்பும் சாப்பாட்டு நேரம் வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அதிகாரிதான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார் என்றும் பரமானந்தம் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படித் தெருவே செழித்துக்கொண்டிருக்கையில் தென்காசிப் பக்கத்திலிருந்து குற்றாலலிங்கம் வந்தார். இவர் மற்றவர்களைப் போல வந்து முளைக்கவில்லை. பஸ்ஸில் வந்தார், கையில் பை இருந்தது, வாயும் இருந்தது. ஊதுபத்திக் கம்பெனிக்காரர். அட்டைக்குத் தாழம்பூ ஒன்று வரையச் சொல்லியிருந்தார், அங்கை வரைந்து அனுப்பியிருந்தாள், இவர் பதில் சொல்லிவிட்டார். என்ன பதில்? ஏதோ குறைகிறது. அங்கை பூவின் நிறத்தை மாற்றினாள், ஏதோ குறைகிறது என்றார். மடலைக் கூட்டினாள், குறைகிறது. மடலைக் குறைத்தாள், இன்னும் குறைகிறது. நேரில் வந்தால் புரிய வைக்கலாம் என்று அவள்தான் வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். வந்துவிட்டார்.

பாக்கியத்தாய்க்கு மற்றவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை, இவரைத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டாரோடு குறை சொல்வதற்கென்றே ஒருவர் வருவார். பெரும்பாலும் அவருக்கு வேறு வேலை இருக்காது. பந்தியில் அப்பளம் நொறுங்கியிருந்தது என்பார், வரவேற்பில் பன்னீர் தன் மேல் படவில்லை என்பார், சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். பெண்ணைப் பெற்றவர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வேட்டியும் வைத்து நீட்டி, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். தாம்பாளத்தைத் தொட்டுவிட்டு அவர் அடுத்த குறையைத் தொடங்குவார். பாக்கியத்தாய் குற்றாலலிங்கத்தை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். மின்விசிறியைத் திருப்பினாள். கலர் சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தாள். மதியம் இலை போட்டாள், சாயங்காலம் தாம்பாளம் நீட்டினாள். "சின்னப் பிள்ளைய்யா, தெரியாம செஞ்சிருப்பா, மனசுல வெச்சுக்கிடாதீங்க" என்றாள். சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது என்ன என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அவர் தலையை ஆட்டி மன்னித்தார். மன்னித்துவிட்டு, இருந்தாலும் ஏதோ குறைகிறது என்றார்.

தெருவுக்கு அவர் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. பேசாத கூட்டத்துக்கு நடுவில் பேசுகிறவர், அதுவும் குறை சொல்கிறவர் என்றால் விவரம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். புது வீடு கட்டியவன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான், ஏதோ குறைகிறது என்றார், அவன் நல்ல படிக்கட்டை இடித்து வேறு பக்கம் கட்டினான். ஒருத்தி குழம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள், ஏதோ குறைகிறது என்றார், அவள் அதில் வீட்டில் இருந்ததையெல்லாம் போட்டாள், அவள் புருஷன் வயிற்றுப்போக்கில் படுத்தான், பாக்கியம் என்று நினைத்துக்கொண்டான். பொங்கலுக்காகக் கோயில் மரக்குதிரைக்கு வர்ணம் அடித்த பரமானந்தம் இவரைக் கூப்பிட்டுக் காட்ட, இவர் வழக்கமானதைச் சொல்ல, மறுபடி அடித்து, மறுபடி சொல்ல, மறுபடி அடித்துக் கடைசியில் குதிரை எங்கேயோ போய்க் கழுதை ஒன்று நின்றது. அதைப் பார்த்தும் குற்றாலலிங்கம் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். பரமானந்தம் பரவசத்தில் நின்றார். சாக்கடைக்கு மூடி போடும்போது இந்த அக்கறை எங்கே போயிற்று என்று நான் கேட்டேன், எனக்குப் பதில் சொல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை.

அங்கை இளைத்துப்போனாள். முன்பெல்லாம் வரைந்து முடித்ததும் தள்ளி நின்று தலையைச் சாய்த்து ஒரு தடவை பார்ப்பாள், ஜன்னல் வழியாக எனக்கே தெரியும். இப்போது வரைந்ததைத் தான் பார்ப்பதே இல்லை, நேராகக் குற்றாலலிங்கத்தின் முகத்தைத்தான் பார்த்தாள். அந்த முகத்தில் எதைக் கண்டு எதை வரைவது? தாழம்பூ ஒரு நாள் சங்கு மாதிரி இருந்தது, ஒரு நாள் விளக்குமாறு மாதிரி இருந்தது. அவர் நாற்காலியில் கிடந்து நல்ல நிறமாக, கன்னம் வைத்து, தொப்பை போட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் செந்தட்டி வேனோடு வந்துவிட்டான். தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தவன் துணிக்கயிறு கட்டிய பெண்களையும் குழாயடி மனிதர்களையும் ஒரு பார்வை பார்த்தான், இதற்கா படித்தாய் என்று அக்கா மகளைக் கேட்டான், பெட்டியை எடு என்றான். அங்கை பெட்டி கட்டத் தொடங்கினாள். பாக்கியத்தாய்க்குக் கடைசி நேரத்தில் மனசு கேட்கவில்லை. பெரிய தாம்பாளமாக எடுத்து, பழம், வெற்றிலை, புது வேட்டி, மேலே மகள் கடைசியாக வரைந்து தாளில் எடுத்த படத்தையும் வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலியில் இருந்த குற்றாலலிங்கத்துக்கு முன்னால் போனாள். ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லிவிடுங்கள் ஐயா, பெண் கண்ணெதிரே கிடக்கும் என்றாள். அவர் படத்தைப் பார்த்தார், வேட்டியின் கரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பாக்கியத்தாய் தாம்பாளத்தோடு அப்படியே அவர் காலுக்குக் குனியப் போனாள்.

அங்கை உள்ளேயிருந்து வந்து தாம்பாளத்தைப் பிடுங்கினாள்.

"எதுக்கும்மா தட்டு? நான் என்ன இவருக்கு வாக்கப்படவா போறேன்?"

தெரு கூடிவிட்டது. அவள் தாம்பாளத்தை அம்மாவின் கைக்கு எட்டாதபடி படியில் வைத்துவிட்டு அவரிடம் திரும்பினாள். "எது குறையுது, விரல வெச்சுக் காட்டுங்கய்யா."

அவர் விரலை நீட்டினார். விரல் பூவின் மேல் போயிற்று, காம்புக்குப் போயிற்று, ஓரத்துக்குப் போயிற்று, எங்கும் இறங்கவில்லை. அதெல்லாம் காட்ட வராது, பார்த்தால் தெரிய வேண்டும் என்றார். அங்கை கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து வேறொரு படத்தைத் திறந்தாள். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் மடல் விரிந்த ஒரு தாழம்பூ, அதன் மேல் ஒரு துளி வெளிச்சம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல குறைய என்ன இருக்கு? இது எப்ப வரைஞ்சது?"

"மொதல்ல அனுப்பினது இதுதான்."

"அப்படியா? அன்னைக்குச் சரியாப் பாக்கல போல." கொஞ்சம் யோசித்தார். "அப்ப இதையே ஒரு சுத்துப் பெருசாக்கி…"

"முடிஞ்சு போச்சுய்யா" என்றாள் அவள். "உங்க வேலை முடிஞ்சது. இனிமே இதுல நான் கை வைக்க மாட்டேன். எந்திரிங்க."

குரலை உயர்த்தவில்லை. அவர் கம்ப்யூட்டரை நாற்காலியின் கையில் சாத்தி வைத்துவிட்டு எழுந்தார். எழுந்த பிறகுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அங்கை படியிறங்கி டாக்டரிடம் போனாள். என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்ததும் பரமானந்தம் குறுக்கே பாய்ந்தார். "ஏம்மா, பொங்கல் முடியட்டும்மா. முளைப்பாரிக்கு ஆள் பத்தாது. தண்ணிக்கு வேற யார் நிப்பா?" என்றார். டீக்கடைக்காரர் பெஞ்சுக்காரர்களை மட்டுமாவது விட்டுவிடச் சொன்னார். துணி காயவில்லை என்றாள் ஒருத்தி. அந்தப் பெண் ஊரை விட்டுப் போகிறாளா இருக்கிறாளா என்று அங்கே ஒருவருக்கும் கவலை இல்லை, கயிறு அவிழ்ந்துவிடுமே என்றுதான் கவலை. அங்கை பரமானந்தத்தை விலக்கிவிட்டு டாக்டர் முகத்துக்கு நேராக நின்று, உங்கள் வேலை முடிந்தது, நீங்கள் போகலாம் என்றாள்.

டாக்டர் கண்ணைச் சிமிட்டினார். கட்டைவிரல் இறங்கியது. "அடடா, அந்தப் பல்லா?" என்றார். "அது பாத்த அன்னைக்கே புடிச்சுப் போச்சும்மா. அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பாக்கியத்தாய் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். தம்பியிடம் சொல்லுங்கள், இதையே என் தம்பியிடம் சொல்லுங்கள் என்றாள். அங்கை, சொல்ல வேண்டாம், இணையதளத்தில் எழுதிவிடுங்கள், கையில்தானே போன் இருக்கிறது என்றாள். டாக்டர் போனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் நிலையம் இருக்கும் திசையில் நடந்தார், கிட்டங்கிச் சுவரைத் தாண்டியதும் காணவில்லை. கேக் அம்மாளும் அதைத்தான் சொன்னாள், பிடித்திருந்தது, மறந்துவிட்டது, வீட்டுக்குப் போய் எழுதுகிறேன். அழகு நிலையக்காரி அதைத்தான் சொன்னாள். காரைக்குடிக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து அதைத்தான் சொன்னார். துபாய்க்காரன் என் கேட்டை விட்டு நகர்ந்து, எனக்கும் ஒரு சலாம் வைத்துவிட்டு, அதைத்தான் சொன்னான். துணிகள் எல்லாம் மண்ணில் கிடந்தன. இத்தனை நாள் ஒரு வார்த்தைக்காக ஒரு வீடு செத்துக்கொண்டிருந்தபோது, அந்த வார்த்தையை வாய்க்குள்ளே ஒதுக்கி வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றிருக்கிறார்கள் படுபாவிகள், அதுவும் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், சும்மா.

செந்தட்டி சிரித்தான். பார்த்தாயா அக்கா, எவனும் எழுதப் போவதில்லை, வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் வராது, வண்டி வெயிலில் நிற்கிறது என்றான்.

பாக்கியத்தாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது காலியாக இருந்ததால் உட்கார்ந்தாள். அதன் கையில் சாத்தியிருந்த கம்ப்யூட்டரில் தாழம்பூ அப்படியே இருந்தது. மகள் வரைவதற்காக ஊரான் காலில் விழப் போனவள், வரைந்ததை ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்தவள் இல்லை, அடுப்பு இருந்தது, தண்ணீர் இருந்தது, தாம்பாளம் இருந்தது. இப்போது மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்து வரச் சொல்லிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். செந்தட்டி நேரமாகிறது என்றான், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாராச்சும் ஒருத்தர்னுதானலே சொன்னேன்" என்றாள் தம்பியிடம். "நான் சொல்லுதேன். நல்லா இருக்கு. நீ வண்டிய எடு."

அங்கை பெட்டியைப் பிரித்தாள். அன்றைக்கே தன் இணையப் பக்கத்தில் தெளிவாக எழுதியும் வைத்தாள், திருத்தம் இத்தனை தடவைதான், எதைத் திருத்த என்று விரல் வைத்துச் சொல்ல வேண்டும், கெடு தாண்டியும் வாய் திறக்காவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு. இதைப் படித்துவிட்டுப் பல பேர் வரவில்லை, வந்தவர்கள் பதில் சொன்னார்கள். டாக்டரோ மற்றவர்களோ இன்று வரை ஒரு எழுத்தும் எழுதவில்லை. பொங்கலன்று குழாயடியில் அவரவர் குடத்துக்கு அவரவரே நின்று, அவரவர் வாயாலேயே சண்டை போட்டோம், பரமானந்தத்துக்குக் கன்னத்தில் ஒரு கீறல்.

செந்தட்டி வெறும் வேனோடு திரும்பினான். தென்காசி எதிர்த்திசையில் இருந்தும், போகிற வழிதானே என்று குற்றாலலிங்கம் பையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறினார். முன்சீட்டில் வசதியாகச் சாய்ந்து, டேஷ்போர்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சீட்டுத் துணியை விரலால் தடவினார், வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது என்றார். பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்காத செந்தட்டி, சாவியைத் திருகப் போன கையை அப்படியே நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

"என்னண்ணே குறையுது?" என்றான்.

திருப்பூரில் அவனுடைய கம்பெனியில், கணக்கு எழுதுகிற மேஜைக்கு எதிரே, மின்விசிறிக்குக் கீழே, அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பதாகக் கேள்வி.